முதல் சர்வர் ரெமிஜியஸுக்கு, இரண்டாம் சர்வர் எனக்கு

பெயர் வைரக்கண்ணு. தகப்பனார் பெயர் சிங்காரம், காலமாகிவிட்டார். வயது எழுபத்தொன்று. திருவாரூர் மாவட்டம், வலங்கைமான் வட்டம், அம்மையன்கட்டளை கிராமம், நடுத்தெருவில் என் மனைவி கமலாம்பாளுடன் குடியிருந்து வருகிறேன். எட்டு மா நிலம், அதாவது இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல், சொந்தமாக வைத்து விவசாயம் செய்கிறேன். எங்கள் ஊர் ஃபிளோரா கொடுத்த மனுவின் பேரில் இன்று காலை நிலையத்தில் ஆஜரானேன்.

நான் சொல்லச் சொல்ல ஏட்டு ஐயா எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். உதவி ஆய்வாளர் சாஜிதா அம்மா அனுமதி கொடுத்தார். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். பரவாயில்லை என்று மேசையும் காகிதமும் கொடுத்தார்கள். பேனா நிலையத்துப் பேனா. வழுக்கிக்கொண்டு நன்றாக எழுதுகிறது.

இந்த மனு சம்பந்தமாக மேற்படி ஃபிளோராவின் கணவர் ரெமிஜியஸ் நேற்று நிலையத்துக்கு வந்து, திருடு போனதாக மனுவில் கண்ட செல்போனைத் தானே என் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். நானும் அதையே எழுதிக் கொடுத்தால் மனுவை முடித்துவிடலாம், இல்லாவிட்டால் திருட்டு என்று வழக்குப் போட வேண்டி வரும் என்றும் சொன்னார். என்னால் அப்படி எழுத முடியாது. அவர் கொடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ரெமிஜியஸுக்கும் எனக்கும் வயல் ஒரே வரப்பு. மேற்கே அவர், கிழக்கே நான். என்னைவிட இரண்டு வயது சிறியவர். தலைமுடி மட்டும் என்னைவிட அதிகம். ஒரே விதையை ஒரே நாளில் இருவரும் விட்டாலும் அவர் பயிர் ஒரு விரல் உயர்ந்து நிற்கும். அவர் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தலைப்பை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டுவார். உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், "அது நிறைய இருக்குண்ணே, அப்புறமா சொல்றேன்" என்பார். சொல்ல மாட்டார். அதன் காரணமாகவே போன வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு தொடங்கியபோது நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். இப்போது பேப்பரின் உள்ளேயும் படிக்கிறேன். அப்படி ஒன்றும் நிறைய இல்லை.

அவர் கும்பகோணத்தில் ஒரு செல்போன் வாங்கினார். அதன் பிறகு நானும் அதே கடைக்குப் போய் அதே போன், அதே கறுப்பு உறை வாங்கினேன். அவர் போனுக்குப் பூட்டு போடவில்லை. கேட்டால், "எனக்கு ஒளிக்க என்னண்ணே இருக்கு?" என்பார். நான் பூட்டு போட்டிருந்தேன். அதைக் கேட்ட பிறகு எடுத்துவிட்டேன்.

எங்கள் பகுதியில் நெல் அறுக்க ஆள் கிடைப்பதில்லை, எல்லாம் மெஷின்தான். ஈரமான வயலில் இறங்கும் பெல்ட் வண்டிக்கு அறுவடைக் காலத்தில் அடிபிடி. போன வருஷத்திலிருந்து தஞ்சாவூரில் உள்ள ஓர் உழவர் நிறுவனம் இந்த வண்டிகளைப் போன் மூலமாகப் பதிவு செய்து அனுப்பி வருகிறது. காலை ஆறு மணிக்குப் பதிவு திறக்கும். பட்டனை அழுத்தினால் பெயர் பட்டியலில் ஏறும். எந்த வரிசையில் பெயர் ஏறுகிறதோ அந்த வரிசையில் வண்டி வரும். ஒரு நாளைக்கு ஒரு வண்டி எத்தனை வயல் அறுக்க முடியுமோ அத்தனை பெயர்தான். மற்றவர்கள் மறுநாள் காலை மறுபடியும் அழுத்த வேண்டும்.

ரெமிஜியஸ் அழுத்தினால் உடனே ஏறிவிடும். நான் அழுத்தினால் ஒரு சக்கரம் சுற்றும். அது சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றி முடிந்ததும், "இன்றைய பதிவு நிறைவடைந்தது" என்று வரும். இந்த வாக்கியத்தைத்தான் நான் எழுத்துக் கூட்டாமல் படிக்க முதலில் பழகினேன். குறுவை அறுப்பிலும் அப்படி, இந்தத் தை மாதச் சம்பா அறுப்பிலும் அப்படி. அவருடைய ஆற்றோர வயலுக்கு வண்டி வந்து, அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டும் வந்துவிட்டார். என் வரப்பை ஒட்டிய மேற்கு வயல் மட்டும்தான் அவருக்குப் பாக்கி. டீக்கடையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஆச்சாண்ணே?" என்று கேட்பார். வேறு ஒன்றும் கேட்க மாட்டார். அந்த ஒரு சொல் போதும்.

என் எட்டு மாவும் தலை சாய்ந்து மஞ்சளாகி நின்றது. மழை வரும் என்று டிவியில் சொன்னார்கள். அந்த நெல்தான் எங்கள் இருவருக்கும் வருஷச் சாப்பாடு. மழையில் சாய்ந்தால் மெஷின் கத்திக்குச் சிக்காது, முளைத்துவிடும். அதன் பிறகு நான் திங்கட்கிழமை பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் மேற்படி நிறுவனத்தின் அலுவலகத்தில் முறையிட்டேன்.

அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் லின்சி என்ற பெண் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது. என் போன் நம்பரை வாங்கிப் பார்த்தது. பிறகு எனக்கு விளக்கிச் சொன்னது. எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

"ஆயிரக்கணக்கான போன்ல இருந்து ஒரே நேரத்துல அழுத்துறாங்கய்யா. எல்லாம் ஒரே சர்வருக்குப் போனா அது மூச்சு முட்டி நின்னுடும். அதனால ரெண்டு சர்வர் வச்சிருக்கோம். முன்னால லோடு பேலன்சர்னு ஒண்ணு இருக்கு. வர்ற ஆளை அது பாதிப் பாதியாப் பிரிச்சு விடும்."

"தலைப்பு மதகு மாதிரி" என்றேன்.

"அப்படியே வச்சுக்கங்க. ரெண்டு வாய்க்கால். முதல் சர்வர் புதுசு. ரெண்டாவது பழசு, மெதுவாத்தான் ஓடும்."

"நான் எந்த வாய்க்கால்?"

"ரெண்டாவதுங்கய்யா."

"நாளைக்கு முதலாவதுல விட்டுருமா?"

"விடாதுங்க. முதல் தடவை எந்தப் பக்கம் விழுந்தீங்களோ அந்தப் பக்கமே போகணும்னு உங்க போன்ல ஒரு அடையாளம் போட்டுரும். இல்லைன்னா நீங்க பாதி எழுதினது இந்த சர்வருக்குத் தெரியும், அந்த சர்வருக்குத் தெரியாது. நடுவுல அறுந்துபோயிடும்."

"என்னைக் கேட்டா போட்டீங்க?"

அந்தப் பெண் சிரித்தது. அதன் பிறகு ரெமிஜியஸ் எந்த சர்வர் என்று கேட்டேன். அதெல்லாம் வெளியில் சொல்லக் கூடாது என்றது. பக்கத்து வயல்தான், சொல்லலாம் என்றேன். சொல்லவில்லை. சொல்லாததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் சிறிய சிலுவை ஒன்று இருந்ததைப் பார்த்து, நீங்களும் ரெமிஜியஸும் ஒரே கோயிலா என்று கேட்டேன். இப்படிக் கேட்டது தவறு.

"ஐயா, நாங்க லுத்தரன். அவங்க கத்தோலிக்க. கோயிலே வேற. அதோட அந்த லோடு பேலன்சருக்கு நீங்க யாரு, அவரு யாருன்னே தெரியாது. நீங்க ஒரு போன், அவரு ஒரு போன், அவ்வளவுதான்."

அதன் பிறகு அந்தப் பெண் வருத்தமாகவே பேசியது. இப்போது நடப்பது சரியில்லை என்று தனக்கே தெரியும் என்றும், மாற்றி அமைத்துக்கொண்டிருப்பதாகவும், அறுவடைக்கு நடுவில் கைவைத்து மொத்தமும் நின்றுவிட்டால் எல்லோர் நெல்லும் போய்விடும் என்று பயமாக இருப்பதாகவும், இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்றும் சொன்னது. நான் பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அந்தப் பெண் சொன்னதில் ஒன்று எனக்கு நன்றாகப் பிடிபட்டது. வாய்க்கால் ஆளுக்கு இல்லை, போனுக்குத்தான். அப்படியானால் அவர் போன் என் கையில் இருந்தால் முதல் சர்வர் எனக்கு. என் மடை அடைத்துக்கொண்ட வருஷங்களில் ரெமிஜியஸின் மடை வழியாகத் தண்ணீரை விட்டு என் வயலுக்குத் திருப்பியிருக்கிறேன். தண்ணீர் யாருடைய மடை என்று பார்த்துப் பாய்வதில்லை. வலங்கைமான் வந்து இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் பால் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனேன். ரெமிஜியஸும் வந்திருந்தார். அவருடைய மகள் விண்ணரசியைத் திருச்சியில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தது, ஃபிளோரா முன்னாலேயே அங்கே போய்விட்டார். இவர் பாலை ஊற்றிவிட்டு நேராகப் பஸ்ஸுக்குப் போகும் ஏற்பாட்டில் வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். பால் அளக்கும்போது போனை மேசைமேல் வைத்தார். எப்போதும் அங்கேதான் வைப்பார். நான் என் போனை அதன் பக்கத்தில் வைத்தேன். அதன் பிறகு அவர் போனை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். என் போன் அங்கேயே இருந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வரேண்ணே, மாட்டைப் பக்கத்து வீட்டு ராஜாத்தி பாத்துக்கும், வயலைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். போனைக் கொடுக்கவில்லை. இந்த இடம் முக்கியம் என்பதால் அடிக்கோடு போடுகிறேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டில் இருந்தபோது அந்தப் போன் அடித்தது. மாதா பாட்டு வைத்திருக்கிறார். கமலாம்பாள் எட்டிப் பார்த்து, "யார் போனு இது, பாட்டுப் பாடுது?" என்றாள். என் போன்தான், பாட்டை மாற்றியிருக்கிறேன் என்றேன். "மாதா பாட்டா?" என்றாள். போனில் எழுத்து வந்தது. என் பழக்கப்படி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். வை, ர, க், க, ண், ணு. அதன் பிறகு இன்னும் இருந்தது. அ, ண், ண, ன். வைரக்கண்ணு அண்ணன். படித்து முடிப்பதற்குள் அடிப்பது நின்றுவிட்டது. என் போனில் இருந்து அவர் கூப்பிடுகிறார், அவர் போனில் என் பெயரை அப்படிப் போட்டு வைத்திருக்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் போனில் அவர் நம்பரைப் "பக்கத்து வயல்" என்று போட்டுத் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் நான்தான் சொன்னேன். அது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. மறுபடி இரண்டு முறை அடித்தது. நான் எடுக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் போனில் பதிவைத் திறந்தேன். "ரெமிஜியஸ், உங்கள் வயலுக்கு வண்டி வேண்டுமா?" என்று இருந்தது. அவர் பெயர் இருந்ததைப் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் பாதிப் பாத்திரத்தில் கமலாம்பாளின் அப்பா பெயர்தான் வெட்டியிருக்கிறது. அதற்காகச் சோறு அவர் வீட்டிலா வேகிறது என்று நினைத்துக்கொண்டேன். அழுத்தினேன். சக்கரம் சுற்றவே இல்லை. கண் மூடித் திறப்பதற்குள், "பதிவாயிற்று. இன்று உங்கள் பகுதியில் முதல் வயல்" என்று வந்தது. இத்தனை நாள் ரெமிஜியஸுக்கு இப்படித்தான் இருந்திருக்கிறது என்று அப்போது தெரிந்தது. எனக்குச் சந்தோஷத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகமாக வந்தது.

அதன் பிறகு டிராக்டரும் டிப்பரும் ஏற்பாடு செய்து, களத்தைக் கூட்டி, வீட்டில் இருந்த ஒரே படுதாவை எடுத்துப்போய் விரித்துவிட்டு வயலில் நின்றேன். பத்து மணிக்கு மேல் பெல்ட் வண்டி வந்தது. டிரைவர் சேரன் என்பவர் கையில் ஒரு போனை வைத்துப் பார்த்துவிட்டு வண்டியை மேற்கு வயலில் இறக்கினார். நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன்.

"தம்பி, அது இல்ல, இது!"

"ரெமிஜியஸ் வயல்தானே?"

"நான் அழுத்தினது இந்த வயலுக்கு."

"பெரியவரே, நீங்க எதுக்கு அழுத்துனீங்களோ எனக்குத் தெரியாது. இந்த மேப்புல நீலக் கட்டம் போட்டிருக்கு பாருங்க, அதுக்குள்ள நின்னாத்தான் எனக்கு நேரம் ஓடும். வரப்பைத் தாண்டுனா கணக்கு நின்னுடும்."

பார்த்தேன். நீலக் கட்டம் ரெமிஜியஸின் வயல்மேல் அளவெடுத்துத் தைத்த மாதிரி கிடந்தது. வழிதான் போனோடு போகிறது என்று நான் நினைத்திருந்தேன், வயலும் போனோடு போகும் என்று நினைக்கவில்லை. ரத்து செய்ய முடியுமா என்று கேட்டேன். ரத்து செய்தால் வண்டி நீடாமங்கலம் பக்கம் போய்விடும், இங்கே யாருக்கும் கிடைக்காது என்றார். வரப்பில் உட்கார்ந்து, என்னிடம் வேலை சொல்லி வைத்தவர் போல ரெமிஜியஸ் திருச்சியில் இருக்க, அவர் நெல்லை நான் ஏற்பாடு செய்த வண்டி அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல விளைச்சல். பதர் இல்லை. டிப்பரில் கொட்டும்போது சத்தத்திலேயே தெரிந்தது. என் களத்தில், என் படுதாவில் போய்க் கொட்டினார்கள்.

மேற்கு வயல் முடிந்ததும் சேரன் போனைப் பார்த்துவிட்டு, "அடுத்தது வைரக்கண்ணு. பக்கத்துலதானா? யாரு அவரு?" என்று கேட்டார். நான் என்று சொன்னேன். ஆனால் நான் பதிவு செய்யவில்லையே என்றும் சொன்னேன். "காலையில ஆறு மணிக்கே பதிவாகியிருக்கு பெரியவரே, ரெண்டாவது வயல். அழுத்துனதை மறந்துட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு என் வயலில் வண்டியை இறக்கினார். என் போன் இருந்தது ரெமிஜியஸின் சட்டைப் பையில். அதை நான் சேரனிடம் சொல்லவில்லை.

ஐந்து மா அறுத்திருந்தபோது மழை பிடித்தது. வண்டியை நிறுத்திவிட்டார்கள். என் நெல் களத்துத் தரையில் குவிந்து கிடந்தது. ரெமிஜியஸின் நெல் படுதாவின்மேல் கிடந்தது. அந்தப் படுதாவின் பாதியை மடித்து அதற்கு மூடியிருந்தேன். கமலாம்பாள் உரச் சாக்குகளையும் தன் பழைய புடவைகளையும் கொண்டுவந்து எங்கள் குவியலை மூடினாள். போதவில்லை. படுதா என்னுடையது. அதை இழுத்து என் நெல்லுக்குப் போடுவதற்காக அதன் முனையைப் பிடித்தேன். அப்போது என் மடியில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். இந்த முறை எழுத்துக் கூட்டவில்லை. பார்த்ததும் தெரிந்தது. வைரக்கண்ணு அண்ணன். நான் போனை எடுக்கவில்லை. படுதாவையும் எடுக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கமலாம்பாள் கூரையில் இருந்து கீற்றை உருவிக்கொண்டு வந்தாள்.

அறுக்காமல் நின்ற மூன்று மாவும் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. இன்று வரை அப்படியே கிடக்கிறது. முளை விட்டுவிட்டது. அவர் போனில் நான் அழுத்தாமல் இருந்திருந்தால் என் வயல் முதலாவதாக வந்திருக்கும், எட்டு மாவும் கரையேறியிருக்கும். இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஃபிளோரா திருச்சியில் இருந்து திரும்பினார். வயல் அறுத்துக் கிடப்பதையும், நெல் என் களத்தில் என் படுதாவுக்குள் இருப்பதையும், அவர் கணவரின் போன் என் மடியில் இருப்பதையும் கண்டார். "போன் மாறிப்போச்சுன்னு அவரு சொன்னாரு. மாறலை, நீங்க மாத்தியிருக்கீங்க. எங்க நெல்லை யாரைக் கேட்டு அறுத்தீங்க?" என்று தெருவில் நின்று கேட்டார். அவர் கேட்டது அத்தனையும் சரி. அதன் பிறகுதான் மனு கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெமிஜியஸ் வந்தார். நேராகக் களத்துக்கு வந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சொல்லிச் சாக்லேட் கொடுத்தார். என் போனைத் திருப்பிக் கொடுத்தார், அவர் போனை நானும் கொடுத்தேன். என் போனுக்கு முழுதும் சார்ஜ் ஏற்றியிருந்தார். துடைத்தும் இருந்தார்.

"எனக்கு ஏன்யா பதிவு போட்டே?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை பொழுது சாய உங்க போனுக்குத் தஞ்சாவூர்ல இருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சுண்ணே. ஐயா, உங்களை முதல் சர்வருக்கு மாத்திட்டேன், காலையில மறக்காம அழுத்துங்கன்னு சொல்லிச்சு. நீங்கன்னு நினைச்சு அவ்வளவு மரியாதையாப் பேசுச்சு. நான் ரெமிஜியஸுன்னு சொல்ல வாய் வரல. சரிம்மான்னுட்டேன். உங்ககிட்டச் சொல்லலாம்னு கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. அதான் நானே காலையில ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுத்திட்டேன்."

"போனை நான் எடுத்தது உனக்குத் தெரியுமா?"

"பஸ்ஸுலயே தெரியும். நீங்க எப்பவும் என் போனைத் தொட்டுப் பாக்கவே மாட்டீங்க. அன்னைக்கு அதையே பாத்துக்கிட்டு நின்னீங்க." பிறகு, "நீங்க என் போன்ல எனக்குப் பதிவு போட்டீங்களே, அது எதுக்குண்ணே?" என்று கேட்டார்.

"எனக்குன்னு நினைச்சுத்தான் போட்டேன்" என்று உண்மையைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். நிற்க முடியாமல் தன் நெல் குவியலின்மேலேயே உட்கார்ந்து சிரித்தார். கேலி செய்து சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். அதன் பிறகு படுதாவைத் தூக்கி உள்ளே கைவிட்டு நெல்லைப் பார்த்தார். காய்ந்து இருந்தது. பக்கத்தில் என் குவியலையும், அதன்மேல் கிடந்த புடவையையும் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அன்று சாயங்காலம்தான் நிலையத்துக்கு வந்து, போனைத் தானே கொடுத்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை நிலையத்துக்கு வரும் வழியில் நான் லின்சிக்குப் போன் செய்தேன். இப்போது நான் முதல் சர்வர்தானே என்று உறுதி செய்துகொண்டேன். ஆமாம் என்றது. ரெமிஜியஸும் இன்னும் முதல் சர்வர்தானா என்று கேட்டேன். அதெல்லாம் சொல்லக் கூடாது என்றது. இனிமேல் எந்த சர்வராக இருந்தாலும் ஒன்றுதான், நேற்று முதல் முன்னால் இருக்கும் அந்த மதகிலேயே வந்த நேரத்தைக் குறித்துவிடுகிறோம், முதலில் வந்தவர் பெயர்தான் முதலில் ஏறும் என்றும் சொன்னது. அப்படியானால் முதல் சர்வருக்கு இனி மதிப்பே இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றது. எனக்குக் கிடைத்த மறுவாரமே அதன் மதிப்புப் போய்விட்டது. அந்தப் பெண்ணின் கோயிலைப் பற்றிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அது மறந்தே போய்விட்டது என்றது.

"பெரியவரே, அவரு கொடுத்தேங்கறாரு, நீங்க எடுத்தேங்கறீங்க. நான் யாரை உள்ள வைக்கிறது?" என்று உதவி ஆய்வாளர் கேட்டார். எடுத்தவரை என்று சொன்னேன். ரெமிஜியஸ் பெரிய மனசுக்காரர் என்று டீக்கடையில் இப்போதே பேசுகிறார்கள். எங்கள் ஊரில் எல்லாமே அவருக்கு முதலில் கிடைக்கிறது. பயிர் ஒரு விரல் உயரம், பள்ளிக்கூடம், முதல் சர்வர். எனக்கு வண்டி வந்ததுகூட அவர் அழுத்தித்தான் வந்தது. போனையும் அவரே கொடுத்ததாக இருந்தால் இந்த அறுவடையில் நான் செய்தது என்று ஒன்றுமே மிஞ்சாது. படுதாவை அவர் நெல்மேல் விட்டுவைத்தது நான். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. போனை எடுத்தது நான். இந்த இரண்டும் என் பெயரில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போனை எடுத்ததற்கு என்ன தண்டனையோ அதற்குக் கட்டுப்படுகிறேன். சாய்ந்து கிடக்கும் மூன்று மாவை மட்டும் அரிவாளால் அறுத்து எடுக்க இரண்டு நாள் தவணை வேண்டும். ரெமிஜியஸ் அரிவாளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும். என்னைவிட வேகமாக அறுக்க அவரால் முடியாது.

இதில் கண்டது எல்லாம் நான் செய்ததும் என் கண்ணால் பார்த்ததும் என் காதால் கேட்டதும்தான். யாருடைய தூண்டுதலும் இல்லை, யாரும் சொல்லி எழுதவில்லை. முழுவதையும் நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ரெமிஜியஸ் எழுதிக் கொடுத்த காகிதத்தை உதவி ஆய்வாளர் காட்டினார். அதில் அவர் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடி வாலில் முடிகிறது. அது யார் பெயர் என்று ஏட்டு ஐயாவுக்கும் படிக்கத் தெரியவில்லை. கீழே இருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சி. வைரக்கண்ணு